திப்பி வாங்கின கதை (குளத்து நாட்குறிப்பு)

ஏப்ரல் 4
குளத்துல வனாமி இறால் குஞ்சு விட்டு இன்னியோட 38 நாள். தீவன மூட்டை விலைய கேட்டாலே வயித்த கலக்குது. ஆத்தூர்ல இருந்து மச்சான் போன் பண்ணி, இங்க சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரில மரவள்ளி மாவு எடுத்தப்புறம் மிஞ்சுற திப்பிய மாட்டுக்குத்தான போடுறாங்க, உன் இறாலுக்கு போட்டா என்னன்னான். சரி ரெண்டு மூட்டை ஏத்தி விடுன்னுட்டேன்.

ஏப்ரல் 9
திப்பிய அரைச்சு கருவாட்டுத்தூள் கலந்து அம்மாவோட இடியாப்பக் குழல்ல பிழிஞ்சு மொட்ட மாடில காயவச்சேன் (அம்மாவுக்கு தெரியாது). கண்ணாடி டம்ளர் ரெண்டுல குளத்து தண்ணி மொண்டு, ஒண்ணுல கம்பெனி தீவனம், ஒண்ணுல நம்மது. கம்பெனிது ரெண்டு மணி நேரத்துக்கப்புறமும் ஊறி பருத்து அப்படியே கெடக்கு, நம்மது பத்தே நிமிஷத்துல கஞ்சித்தண்ணி. இறால் மீன் மாதிரி லபக்னு முழுங்காது, கால்ல புடிச்சு உருட்டி உருட்டி கொறிக்கும், அதுக்குள்ள கரைஞ்சா தீனி சேத்துக்குத்தான்.

ஏப்ரல் 10
டெக்னீஷியன் அண்ணன் டம்ளர பாத்து ஒரே சிரிப்பு. கோதுமை மாவுல இருக்க குளூட்டன்தான்டா பசை, ஆவில வெந்தா ஸ்டார்ச்சும் கூழாகி புடிச்சுக்கும், செரிக்கவும் லேசு, உன் திப்பில குளூட்டனும் இல்ல, நாரு வேற ஜாஸ்தின்னாரு. மாவுச்சத்து அளவா இருந்தா இறால் புரோட்டீன எரிக்காம வளர்ச்சிக்கு வச்சுக்குமாம், விலையே அந்த புரோட்டீனுக்குத்தான. அப்ப மொலாசஸ (சர்க்கரை ஆலைல மிஞ்சுற பாகு) தீவனத்துல பெசஞ்சுரவான்னேன். வேணாம், சர்க்கரையா குடுத்தா ரத்தத்துல சட்டுனு ஏறி எறங்காம நிக்கும், ஸ்டார்ச்தான் ஒத்துக்கும்னாரு. எங்கப்பாவுக்கு டாக்டர் சொன்ன அதே டயலாக்.

ஏப்ரல் 16
செக் ட்ரேல (இறால் எவ்ளோ தின்னுதுன்னு பாக்க குளத்துல எறக்குற தட்டு) ரெண்டு நாளா தீவனம் மிச்சம் கெடந்துச்சு, நான்தான் அசால்ட்டா விட்டேன். அது அழுகி, இன்னிக்கு தண்ணி சோதிக்கிற அம்மோனியா கிட் கரும்பச்சை, அம்மோனியா எகிறிருச்சுன்னு அர்த்தம். மொலாசஸ் தண்ணிக்குத்தான் மருந்து, அத தின்னுட்டு பாக்டீரியா பெருகுறப்ப அம்மோனியாவயும் சேத்து இழுத்துக்கும், 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு 20 கிராம் கார்போஹைட்ரேட்டுன்னு கணக்கு. நான் கணக்கெல்லாம் பாக்காம சாயந்தரம் கேனோட கவுத்துட்டேன்.

ஏப்ரல் 17
ராத்திரி 3 மணிக்கு இறால் எல்லாம் கரையோரம் மேல வந்து மெதக்குது. பாக்டீரியாவும் மூச்சு விடும்ல, ஆக்சிஜன் பூரா காலி, மீட்டர்ல லிட்டருக்கு 2.4 மில்லிகிராம்தான். நிறுத்தி வச்சிருந்த ரெண்டு ஏரேட்டரையும் (தண்ணிக்கு காத்து ஏத்துற மெஷின்) போட்டுட்டு விடியிற வரைக்கும் வரப்புலயே குந்திருந்தேன். கொஞ்சம்தான் போச்சு. இனிமே மொலாசஸ் காலைல, கொஞ்சம் கொஞ்சமா, ஏரேட்டர் ஓடுறப்ப மட்டும்.

ஏப்ரல் 21
கிட் வெளிர் மஞ்சளுக்கு வந்துருச்சு, ட்ரேயும் காலி. மிச்ச திப்பிய பக்கத்து வீட்டு மாட்டுக்கு குடுத்தாச்சு. இடியாப்பத்துல ஏன்டா கருவாட்டு வாடைன்னு அம்மா காலைலேர்ந்து கேட்டுட்டு இருக்கு.