புதிய தவளை என்று சொல்வதற்கு முன்

முதுகலை விலங்கியல் முடித்துவிட்டு ஆய்வுக்கு வரும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, புதிய தவளை கிடைக்க எந்தக் காட்டுக்குப் போக வேண்டும்?" என்பதுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். அகத்தியமலைத் தொடரில் மூன்று பருவமழைகள் நனைந்த பிறகு என் பதில் மாறிவிட்டது. தவளை காட்டில் கிடைக்கும். அது புதியது என்ற முடிவு காட்டில் கிடைக்காது. ஏற்கெனவே பெயர் பெற்ற அதன் உறவுக்காரத் தவளைகள் ஒவ்வொன்றையும் எடுத்து, இது அதுவல்ல என்று காட்டி முடித்த பிறகுதான் அந்தச் சொல்லைச் சொல்லும் உரிமை நமக்கு வருகிறது.

முதல் ஆண்டு ஜூன் கடைசியில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு எட்டரை மணி, தூறல். ஒரு குறிஞ்சிப் புதரின் இலைமேல் என் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய புதர்த்தவளை. உடல் முழுக்கப் பாசிப்பச்சை, கண்ணில் பொன்னிறம். நான் அதுவரை படித்திருந்த எந்த விளக்கத்திலும் அந்த நிறம் இல்லை. நாட்குறிப்பில் "புதிய இனம்" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். காலையில் முகாமில் பையைத் திறந்தால், அதே தவளை பழுப்பு நிறத்தில் உட்கார்ந்திருந்தது. ஆறு மாதம் கழித்து மரபணு முடிவு வந்தது. 1876இல் லண்டன் விலங்கியலாளர் குந்தர் பெயரிட்டுவிட்ட 'ரவோர்செஸ்டஸ் பெட்டோமி' அது. சென்னை மாகாணத்தின் வனத்துறை அதிகாரியாக இருந்த பெட்டோமின் பெயரைத் தாங்கிய தவளை.

நிறத்தை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தேவைப்படவில்லை. வயநாட்டுப் பகுதியில் 2009இல் விவரிக்கப்பட்ட ஒரு புதர்த்தவளைக்கு 'குரோமாசின்கைசி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்; நிறக் குழப்பம் என்று பொருள். அதற்காக நிறத்தைக் குறிக்காமலும் விடக் கூடாது. பச்சையும் மஞ்சளும் ஆல்கஹாலில் போட்ட சில நாட்களில் போய்விடும், பிறகு எவராலும் மீட்க முடியாது. தவளையைத் தொடுவதற்கு முன் இலைமேல் இருக்கும்போதே படம் எடுங்கள். காலையில் மறுபடியும் எடுங்கள். வயிறு, இடுப்பு மடிப்பு, தொடையின் உள்பக்கம் ஆகியவற்றை மறக்காதீர்கள். கால் மடிந்திருக்கும்போது மறைந்துகொள்ளும் அந்த இடத்தில்தான் பல இனங்களின் அடையாளப் புள்ளிகள் இருக்கின்றன.

அடுத்த ஆறு மாதம் நான் காட்டுக்கே போகவில்லை, படித்தேன். ரவோர்செஸ்டஸ் என்பது 2010இல் உருவாக்கப்பட்ட பேரினம். இந்தியத் தவளை ஆய்வின் முன்னோடி சி. ஆர். நாராயண ராவின் நினைவாக அந்தப் பெயர். அதில் அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலில் ஒவ்வொரு இனத்தின் பழைய பெயர்களும் முதல் விளக்கம் வெளியான இடமும் வரிசையாக இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டு நூல்களைப் பல்லுயிர் மரபு நூலகத்தின் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஜெர்டன், குந்தர், பூலஞ்சர் போன்ற அன்றைய விலங்கியலாளர்கள் எழுதியவை சில வரிகளில் முடிந்துவிடும். கிடைத்த இடம் என்று வெறுமனே 'மலபார்' என்றிருக்கும்; அந்தக் காலத்து மலபார் என்றால் எந்த மலை, எந்த உயரம் என்று எவருக்கும் தெரியாது. ஆனாலும் அந்தச் சில வரிகளைத் தாண்டிப் போக வழியில்லை. ஒரு பெரிய தாளில் இனங்களைக் கீழ்நோக்கியும், விரல் சவ்வு, செவிப்பறை, தொடை நிறம், உடல் நீளம், கிடைத்த இடம் என்பனவற்றைக் குறுக்காகவும் எழுதிச் சுவரில் ஒட்டினேன். இன்றுவரை என் ஆய்வில் நான் செய்த மிக உருப்படியான வேலை அதுதான்.

இரண்டாம் ஆண்டு என்னுடன் வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் காணி இனத்தைச் சேர்ந்தவர். ஓடைக்கரையில் நான் டார்ச்சை அங்கும் இங்கும் வீசிக்கொண்டிருந்தபோது, "விளக்கை அணையுங்கள் அம்மா, முதலில் கேளுங்கள்" என்றார். அணைத்தேன். ஒரே ஒலி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது மெல்ல மெல்லப் பிரிந்தது. சிள்வண்டு ஒன்று, மேலே மரத்தில் ஒரு தவளை, பிறகு முழங்கால் உயரத்தில் கண்ணாடிக் குண்டுகளை ஒன்றோடொன்று தட்டுவதுபோல் "டிக்... டிக்டிக்". அந்தக் கடைசிக் குரலை அவர் சிறுவயது முதல் கேட்டு வருகிறார். ஐப்பசி மழையில்தான் அது அதிகம் என்றும், பாறை ஓரத்து ஈத்தை என்னும் மெல்லிய மூங்கில் புதரைவிட்டு அது விலகாது என்றும் சொன்னார். என் நாட்குறிப்பின் அடுத்த நாற்பது பக்கங்கள் அந்த இரண்டு வாக்கியங்களிலிருந்து பிறந்தவை.

குரல் ஏன் இவ்வளவு முக்கியம்? ஆண் தவளை கூப்பிடுவது தன் இனப் பெண்ணை. நம் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டு தவளைகளைப் பெண் தவளை குரலை வைத்துத்தான் பிரித்தறிகிறது. மேற்குத்தொடர்ச்சி மலையிலிருந்து 2017இல் ஏழு இரவுத்தவளை இனங்களை ஒரே கட்டுரையில் விவரித்தார்கள். அவற்றுள் நான்கு, விரல் நகத்தில் உட்காரும் அளவு சிறியவை. உருவம் சிறிது, மறைந்து வாழும் பழக்கம், பூச்சியைப் போன்ற குரல்; இவற்றால்தான் அவை அத்தனை காலம் கண்ணில் படாமல் இருந்தன.

இங்கே நான் செய்த இரண்டாவது பிழையையும் சொல்லிவிடுகிறேன். ஜூனில் ஒரு குரலையும் நவம்பரில் ஒரு குரலையும் பதிவு செய்தேன். கணினியில் விரித்துப் பார்த்தபோது ஒன்றில் துடிப்புகள் நெருக்கமாகவும் மற்றதில் தள்ளித் தள்ளியும் இருந்தன. இரண்டு இனங்கள் என்று நெறியாளரிடம் ஓடினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த இரவுகளில் வெப்பநிலை என்ன?" ஜூனில் 23 டிகிரி என்று குறித்திருந்தேன். நவம்பரில் குறிக்கவே இல்லை. தவளை குளிர்ந்தால் துடிப்பும் தளரும். வெப்பநிலை இல்லாத அந்த நவம்பர்ப் பதிவுகள் எதற்கும் பயன்படவில்லை. ஒவ்வொரு பதிவின் முடிவிலும் தேதி, நேரம், வெப்பநிலை, தவளை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதையெல்லாம் உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். மழையில் நோட்டுப் புத்தகம் நனையும். ஒலிப்பதிவில் சொன்னது அதே கோப்பில் இருக்கும்.

அளவெடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூக்குநுனியிலிருந்து கழிவாய் வரை, தலையின் அகலம், கண்ணின் விட்டம், கெண்டைக்காலின் நீளம் என்று பட்டியல் நீளும். 22 மி.மீ. தவளையில் அரை மி.மீ. பிசகினால் விகிதம் எல்லாம் மாறிவிடும். ஆகவே எல்லா மாதிரிகளையும் ஒரே ஆள், ஒரே டிஜிட்டல் காலிப்பரில், மும்மூன்று முறை அளக்க வேண்டும். கால்விரல் சவ்வைக் குறிக்க ஒரு சூத்திரம் இருக்கிறது: விரல்களுக்கு ரோமன் எண், சவ்வு எட்டாத கணுக்களுக்குச் சாதாரண எண். பத்துத் தவளைகளுக்கு எழுதிப் பார்த்தால் கை தானாக வரும்.

மாதிரி எடுப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓர் உயிரை எடுக்கிறோம். மயக்க மருந்தில் அது வலியில்லாமல் அடங்க வேண்டும். தேவைக்கு மேல் ஒன்றுகூட எடுக்கக் கூடாது. எடுத்ததை வீணாக்கவும் கூடாது. உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போட்டால் மரபணு சிதைந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே தொடைத் தசையில் ஒரு துணுக்கை வெட்டித் தூய ஆல்கஹாலில் வையுங்கள். வரிசையை மாற்றிச் செய்துவிட்டால் அந்த உயிர் பாதி வீண்.

மரபணுவில் பெரும்பாலும் பார்ப்பது 16எஸ் என்னும் பகுதி. அதில் 3 விழுக்காடு வேறுபாடு இருந்தால் தனி இனமாக இருக்கலாம் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. அது சந்தேகிக்கச் சொல்லும் அளவே தவிரத் தீர்ப்பு அல்ல. மரபணு, குரல், உருவம் என்ற மூன்றும் ஒரே திசையைக் காட்டும்வரை காத்திருங்கள். மரபணு வரிசைகளைச் சேர்த்துவைக்கும் பொதுத் தரவுத்தளமான ஜென்பாங்கில் இருக்கும் வரிசைகளிலும் தவறான பெயரில் ஏற்றப்பட்டவை உண்டு. ஒப்பிடும் வரிசை எந்த மலையில் எடுத்த மாதிரியிலிருந்து வந்தது என்று பார்த்த பிறகே அதை நம்புங்கள்.

அனுமதி இல்லாமல் காட்டில் கால் வைக்காதீர்கள். தமிழ்நாட்டில் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், மழையைக் கணக்கிட்டு முன்கூட்டியே அனுப்புங்கள். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, புதிய இனத்தின் மாதிரியை அரசு அறிவித்த காப்பகத்தில் ஒப்படைத்தாக வேண்டும். இந்திய விலங்கியல் ஆய்வு மையம் அத்தகைய ஒன்று. பெயர் எந்தத் தவளையைத் தாங்கி நிற்கிறதோ அந்த ஒற்றை மாதிரிதான் ஹோலோடைப். அது எது, எங்கே இருக்கிறது என்று கட்டுரையில் எழுதாவிட்டால் இன்றைய விதிப்படி அந்தப் பெயரே செல்லாது. இணையத்தில் மட்டும் வெளியாகும் கட்டுரை என்றால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஸூபேங்கில் பதிவும் வேண்டும்.

பெயர் வைப்பதைப் பற்றி எல்லோரும் ஆசையாகக் கேட்பார்கள். ஆணின் பெயரென்றால் இறுதியில் 'இ', பெண்ணின் பெயரென்றால் 'ஏ', ஊரென்றால் 'என்சிஸ்' என்பது பொது வழக்கு. ஊர்ப்பெயரை அப்படியே வைப்பதும் உண்டு. திருநெல்வேலி மலைகளில் உள்ள காக்காச்சியின் பெயரால் 2012இல் 'ரவோர்செஸ்டஸ் காக்காச்சி' வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியின் ஊதாத் தவளைக்கு 2017இல் 'பூபதி' என்று பெயரிட்டார்கள். 2014இல் அகத்தியமலையில் களப்பணியின்போது உயிரிழந்த ஊர்வன ஆய்வாளர் எஸ். பூபதியின் நினைவு அது. அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் நாங்கள் ஏறிய வழுக்குப் பாறைகள் என் நினைவுக்கு வரும்.

பாறை ஓரத்து டிக்டிக் குரலுக்கு நாங்கள் தேர்ந்த பெயரை இங்கே எழுத முடியாது. கட்டுரை மதிப்பாய்வில் இருக்கிறது. முறையான விளக்கம் வெளிவருமுன் பெயரை வெளியே விட்டால், விளக்கமில்லாத வெற்றுப் பெயராக அது அலையும், பின்னால் வருபவர்களுக்குக் குழப்பமாகும். நண்பர்களிடம்கூடச் சொல்லாதீர்கள்.

மதிப்பாய்வாளர் ஒருவர் பெண் தவளையின் அளவுகளைக் கேட்டிருக்கிறார். எங்களிடம் இருக்கும் ஏழும் ஆண்கள். பெண் குரல் கொடுக்காது. இலை இலையாகத் தேடித்தான் எடுக்க வேண்டும். ஐப்பசி முதல் மழை விழுந்ததும் மேலே போகிறோம். காவலர் அண்ணனிடம் சொல்லியாயிற்று. அனுமதிக் கடிதம் டிசம்பர் 31 வரை செல்லும்.