ரிஃபாம்பிசினே கைவிட்ட வாரம்

நேற்று மாலைதான் மூன்றாவது டோனரின் (கல்லீரல் செல் தந்தவரின்) முடிவும் வந்தது. ரிஃபாம்பிசின் என்ற மருந்து போட்ட வெல்களில் (செல் வளர்க்கும் தட்டின் குழிகளில்) 3ஏ4 என்ற கல்லீரல் நொதியின் எம்ஆர்என்ஏ, அதாவது அந்த நொதியைத் தயாரிக்கச் சொல்லும் செய்தி, 14 மடங்கு. போன உயிர் பாதி திரும்பி வந்தது. மூன்று வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று மேலாளரிடம் சொல்லியிருந்தேன், ஆறு வாரம் ஆகிவிட்டது.

சோதனை தெரிந்ததுதான். புது மருந்து, மற்ற மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைக் கூட்டிவிடுகிறதா என்று மனிதக் கல்லீரல் செல்களில் பார்ப்பது. ஒப்பிட்டுப் பார்க்க, நொதியைக் கூட்டும் என்று ஏற்கெனவே தெரிந்த மருந்துகள்: 1ஏ2 நொதிக்கு ஒமெப்ரசோல், 2பி6-க்கு ஃபீனோபார்பிட்டால், 3ஏ4-க்கு ரிஃபாம்பிசின். காசநோய்க்கு மருந்து எடுக்கும் பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை பலிக்காமல் போகலாம் என்பார்களே, அந்த ரிஃபாம்பிசின்தான். குறைந்தது மூன்று டோனர் வேண்டும்.

முதல் கோட்டையை நானே விட்டேன். விலைப்பட்டியலில் இரண்டு வகை செல் இருந்தது, ஒன்று மலிவு. காசு மிச்சம் என்று சந்தோஷமாக மலிவானதை ஆர்டர் பண்ணினேன். உருக்கி எண்ணியபோது செத்த செல்லைக் காட்டும் டிரிப்பான் புளூ சாயத்தில் 85 சதவீதம் உயிரோடு இருந்தன, மறுநாள் காலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒன்றுகூட அடியில் ஒட்டவில்லை, ஊறப்போட்ட ரவை மாதிரி அப்படியே மிதக்கின்றன. அது மிதக்கவிட்டு சில மணி நேரத்தில் முடிக்கும் வேலைகளுக்கான செல்லாம், பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். நமக்கு வேண்டியது கொலாஜன் பூசிய தட்டில் ஒட்டி, மூன்று நான்கு நாள் தாங்கும் செல். ஆர்டர் போடும் முன் 'தட்டில் ஒட்டுமா', 'தூண்டலுக்கு, அதாவது நொதி கூடுகிறதா என்று, சோதித்த லாட்டா' என்று இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு லாட் என்பது ஒரே ஒரு மனிதரின் கல்லீரல், தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதனால் கூடுதல் குப்பிகளை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கச் சொல்வதும் நல்லது.

இரண்டாவது பெட்டி சரியாகப் புனித வெள்ளிக்கு முந்தின நாள் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியது. டோனர்களின் எச்ஐவி, ஹெபடைடிஸ் பரிசோதனைக் கடிதம் இல்லை என்று ஏஜென்ட் அலுவலகத்தில் நிறுத்திவிட்டார்கள். கடிதத்தை நான் அனுப்பி இரண்டு வாரம் ஆகியிருந்தது. போனில் ஒரு தம்பி, "கவலைப்படாதீங்க அக்கா, குளிர் அறையில வச்சிடறோம்" என்றார். அது திரவ நைட்ரஜன் பெட்டி தம்பி, உள்ளே மைனஸ் 150-க்கும் கீழே என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்போ ஃப்ரீசர்ல வைக்கச் சொல்லவா அக்கா?"

எதிலும் வைக்க வேண்டாம், திறக்க வேண்டாம், நிமிர்த்தி மட்டும் வையுங்கள் என்று கெஞ்சினேன். அந்தப் பெட்டி முழுதாக நிரப்பி அனுப்பினால் பத்து நாள்கூடத் தாங்கும், ஆனால் படுக்கப்போட்டால் கணக்கு கெட்டுவிடும். மனசு கேட்காமல் சனிக்கிழமை புவன விஸ்தாவிலிருந்து டாக்சி பிடித்துப் போனேன். கவுண்டர் ஒரு மணிக்கு மூடுமாம், நான் போய்ச் சேர்ந்தது ஒன்று பத்துக்கு. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஒரு கோப்பி ஓ குடித்துவிட்டு வந்ததுதான் அன்றைய சாதனை. திங்கட்கிழமை பெட்டியோடு வந்த வெப்பப் பதிவைத் திறந்து பார்த்தேன், கோடு ஒரு இடத்திலும் மைனஸ் 150-க்கு மேலே ஏறவில்லை. அந்தத் தம்பி நிமிர்த்தித்தான் வைத்திருக்கிறார், நன்றாக இருக்கட்டும்.

செல்களை உருக்கியதும் விதைத்ததும் இந்த முறை ஒழுங்காக நடந்தன. ஒன்றே ஒன்று சொல்கிறேன். விதைத்ததும் தட்டைச் சுழற்றாதீர்கள், செல்லெல்லாம் வெல்லின் நடுவில் குவிந்துவிடும். முன்னே பின்னே, இடம் வலம் என்று நேர்கோட்டில்தான் ஆட்ட வேண்டும்.

மருந்தோடு 48 மணி நேரம், தினமும் புது மீடியம் (செல்களுக்கான ஊட்டக் கரைசல்), அப்புறம் எம்ஆர்என்ஏவை அளக்கும் பிசிஆர். 3ஏ4-இல் ரிஃபாம்பிசின் 1.6 மடங்கு! மூன்று டோனரிலும் இதே கதை. சோதிக்கிற மருந்துக்கே 2 மடங்குதான் எல்லைக்கோடு, ரிஃபாம்பிசினே அதைத் தொடவில்லை என்றால் தட்டு குப்பைக்குத்தான். ரிஃபாம்பிசின் கெட்டுவிட்டது என்று நினைத்து, புதிதாக வாங்கிக் கரைத்து, இன்னொரு வாரத்தையும் மூன்று குப்பிகளையும் தொலைத்தேன். மறுபடியும் அதே 1.6.

கடைசியில் பக்கத்து மேசை அக்காதான், "மடங்கை விடு, சிடி எண்ணைக் காட்டு" என்றார். மடங்காக மாற்றும் முன் பிசிஆர் தரும் எண் அது. பார்த்தால் மருந்தே இல்லாமல், மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட வெல்லிலேயே 3ஏ4 ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறது. எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார். ஒரே அளவில், ஒரே மாதிரி லேபிளில் இரண்டு மீடியம் புட்டி. ஒன்று விதைக்கும் நாளுக்கு மட்டும், அதில் சீரமும் 1 மைக்ரோமோலார் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் வரும். மற்றது அடுத்த நாள்களுக்கு, டெக்சாமெத்தசோன் அதில் பத்தில் ஒரு பங்கு. நான் எல்லா நாளும் முதல் புட்டியையே ஊற்றியிருக்கிறேன். டெக்சாமெத்தசோன் தன் பங்குக்கு 3ஏ4-ஐ ஏற்றிவிடும், அடிமட்டம் உயர்ந்தால் மடங்கு சுருங்கத்தானே செய்யும். புட்டியை மாற்றியதும் ரிஃபாம்பிசின் எழுந்து நின்றது. இப்போது அந்த முதல் புட்டியின் மூடியில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

எங்கள் மருந்து? இரண்டு டோனரில் ஒன்றுமில்லை, மூன்றாவதில் மட்டும் மிக அதிகச் செறிவில் 2.4 மடங்கு. வேடிக்கை என்னவென்றால் அதே வெல்களில் நொதியின் வேலை கூடவில்லை, குறைந்திருக்கிறது. மருந்து ஒரு பக்கம் நொதியைக் கூட்டிக்கொண்டே மறுபக்கம் முடக்குகிறது போல. வேலையை மட்டும் அளந்திருந்தால் இது கண்ணில் பட்டே இருக்காது, எம்ஆர்என்ஏவைப் பார்ப்பது இதற்குத்தான். மூன்றில் ஒரு டோனர் ஏறினாலும் ஏறியதாகத்தான் கணக்கு, ஆகவே அந்த டோனரில் இன்னும் குறைந்த செறிவுகளில் திரும்பச் செய்யச் சொல்கிறார் மேலாளர். அந்த லாட்டில் மிச்சம் இருப்பது இரண்டே குப்பி.