மட்டக்களப்பு, மண்டூர்ப் பக்கத்து வெளிக்கள நாட்குறிப்பு

2025 ஜூலை 7, திங்கள்

சமூக சேவைப் பிரிவில் வெளிக்கள வேலை பார்க்கிற என்னிடம் தாய்மார் முதலில் கேட்பது "மிஸ், பிள்ளைக்குக் காசு வருமா?" என்றுதான். கேட்பதில் ஒரு பிழையும் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவை இந்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாகக் கூட்டினார்கள். கூலிக்குப் போகிற வீட்டுக்கு அது பெரிய தெம்பு.

என் மனக்குறை வேறு. கிராம சேவகர் வதிவிடத்தையும் வருமானத்தையும் உறுதிப்படுத்துகிறார். வைத்தியர் நோயின் பெயரை எழுதித் தருகிறார். நாங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைக்கிறோம். கோப்பு மேலே போய்விடும். அந்தப் பிள்ளையை ஒரு நாளைக்கு எத்தனை தரம் தூக்க வேண்டியிருக்கிறது, யார் தூக்குகிறார், எப்படிச் சாப்பிடுகிறாள், எங்கே குளிக்கிறாள், இதில் ஒன்றுகூடக் கோப்பில் ஏறுவதில்லை. காசு கிடைத்தால் வேலை முடிந்தது, கிடைக்காவிட்டாலும் முடிந்தது என்று ஆகிவிடுகிறது.

இந்த முறை என் பங்கு வேலையை வேறு விதமாகச் செய்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். விண்ணப்பத்தோடு தனியாக ஒரு தாள் வைத்து, பிள்ளையின் ஒரு முழு நாளை அதில் எழுதப்போகிறேன்.

ஜூலை 9, புதன்

கச்சான் காற்று முகத்தில் அடிக்க ஸ்கூட்டியில் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி. ஏழு வயதுப் பெண்பிள்ளை, மூளைவாதம்: மூளைப் பாதிப்பால் உடலசைவைக் கட்டுப்படுத்த முடியாத நிலை. தகப்பன் நெல் வெட்டு மெஷினோடு வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் தாயும் அம்மம்மாவும் பத்து வயது அண்ணனும்.

தாய் காலை நீட்டி இருந்து, பிள்ளையை மடியில் மல்லாக்கப் படுக்க வைத்துக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தா. ஒவ்வொரு கரண்டிக்கும் பிள்ளையின் தலை பின்னுக்குச் சரிகிறது, கழுத்து விறைக்கிறது, இருமல் வருகிறது. "மாசா மாசம் சளி மிஸ். நெஞ்சு இரையும், ஆஸ்பத்திரியில வச்சிருப்பாங்க, கொண்டு வருவம், திருப்பியும் அதான்." மல்லாக்க வைத்துப் பருக்கினால் உணவு சுவாசப் பாதைக்குள் இறங்கிவிடும், இந்தப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்ப நெஞ்சுச்சளி வருவதற்கு அது ஒரு முக்கியமான காரணம். சமுதாயம் சார்ந்த புனர்வாழ்வுப் பயிற்சியில் எங்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லித் தந்தார்கள்.

பிள்ளையை நிமிர்த்தி, இடுப்பை என் மடிக்கு உள்ளே இறுக்கி இருத்தி, தலை கொஞ்சம் முன்னுக்குக் குனிகிற மாதிரி கையால் தாங்கிப் பிடித்தேன். தாய் எதிரே இருந்து, பிள்ளையின் கண்மட்டத்திலிருந்து கரண்டியை நீட்டினா. நேரம் எடுத்தது. ஆனால் பாதிக் கோப்பை இருமல் இல்லாமல் இறங்கியது. அம்மம்மா கிட்ட வந்து நின்று பார்த்து, "இத முதலே ஆரும் சொல்லித் தந்திருக்கலாமே மனே" என்றா. ஏழு வருஷம் கிளினிக், வார்ட், அலுவலகம் என்று அலைந்த குடும்பம் இது. அம்மம்மாவுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பழைய கோப்பில் 'தொடர்பாடல்: இல்லை' என்று எழுதியிருந்தது. சாப்பாடு முடிந்ததும் அண்ணன் வந்து தங்கச்சியின் முகத்துக்கு நேரே குந்தினான். "உள்ளுக்கா?" அவள் அசையவில்லை. "மாமரத்தடியா?" கண்கள் இரண்டும் சட்டென்று மேலே போயின. மேலே பார்த்தால் ஓம் என்று அர்த்தமாம். எனக்காகத் திருப்பியும் கேட்டுக் காட்டினான். அதே பதில். ஒரு பத்து வயதுப் பையன் தானாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிற இந்த முறையை, வீட்டுக்கு வந்துபோன எந்தப் பெரியவரும் குறித்து வைக்கவில்லை. நான் முதல் வரியில் எழுதினேன்: கேள்வி விளங்குகிறது, கண்ணால் ஓம் சொல்கிறாள், தெரிவு செய்கிறாள்.

பிறகு யுனிசெப்பும், மாற்றுத்திறன் பற்றிய புள்ளிவிவரக் கேள்விகளை வகுக்கிற வாஷிங்டன் குழுவும் 2016இல் வெளியிட்ட சிறுவர் செயற்பாட்டுக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். அதில் நோயின் பெயர் கேட்பதே இல்லை. பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில், விளங்கிக்கொள்வதில் சிரமம் இல்லையா, கொஞ்சமா, அதிகமா, முடியவே முடியாதா என்று தாய் சொல்ல வேண்டும். கூட்டாளிகள் சேர்வதையும் கவலையையும்கூட அது கேட்கிறது. கவலையைப் பற்றிக் கேட்டபோது தாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. "தேப்பன் வேலைக்கு வெளிக்கிட்டா அழுவாள் மிஸ். நோகுது எண்டுதான் எல்லாரும் நினைக்கிற."

ஜூலை 10, வியாழன், போயா

லண்டனில் ஓர் உள்ளூராட்சி சபையின் சிறுவர் பிரிவில் வேலை செய்கிற மச்சாள் வாட்ஸ்அப்பில் எடுத்தா. நேற்றுப் போன வீட்டைப் பற்றிச் சொல்லி, உங்களிடம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தில் 17ஆம் பிரிவின்படி, மாற்றுத்திறன் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் 'தேவையுள்ள பிள்ளை'. அதற்குமேல் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. தகவல் வந்தால் ஒரு வேலை நாளுக்குள் என்ன செய்வதென்று முடிவெடுக்க வேண்டும், மதிப்பீட்டை 45 வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும். பிள்ளையின் வளர்ச்சி, பெற்றோரின் நிலை, வீடும் சுற்றமும் என்று மூன்று பக்கத்தாலும் பார்க்கிறார்கள். பராமரிக்கிற தாய் தகப்பன் தங்களுடைய தேவையைத் தனியாக மதிப்பிடச் சொல்லிக் கேட்கலாம். 2014இல் வந்த சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. தாய்க்கு ஓய்வு கிடைக்கச் சில மணித்தியாலம் பிள்ளையை வேறொருவர் பார்த்துக்கொள்கிற ஏற்பாடும் உண்டு.

அங்கேயும் சபைகளிடம் காசு போதாது, கடுமையான நிலையில் உள்ள பிள்ளைகளுக்குத்தான் முதலில் கிடைக்கும், மற்றவர்கள் சண்டை பிடிக்க வேண்டும் என்று மச்சாளே சொன்னா. அவ்வளவு ஆட்களும் பணமும் எங்களிடம் இல்லை, சரி. ஆனால் தாயிடம் "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்க எந்த நிதி ஒதுக்கீடும் வேண்டியதில்லை. என் தாளில் அந்தக் கேள்வியையும் சேர்த்துவிட்டேன்.

இலங்கையிலும் சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தினோம். அதன் 7ஆவது உறுப்புரை, பிள்ளை தன் கருத்தைச் சொல்ல வழி செய்ய வேண்டும் என்கிறது. கண்ணால் சொல்வதும் கருத்துத்தான்.

ஜூலை 16, புதன்

களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குத் தாயோடு நானும் போனேன். வீட்டிலிருந்து துறைக்கு ஓட்டோ, அங்கிருந்து வாவியைக் கடந்து குருமண்வெளிக்குப் 'பாதை' என்கிற மிதவைப் படகு, பிறகு திரும்பவும் ஓட்டோ. ஏழு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாதையில் ஏறி இறங்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கிளினிக்குக்கு ஒழுங்காக வருவதில்லை என்று அட்டையில் எழுதுகிறவர்கள் ஒரு தரம் கூட வந்து பார்க்கட்டும்.

உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் பொறுப்பானவர் நல்லவர். இடுப்பு மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து, கால்கள் கத்தரி போலப் பின்னுவதைத் தடுக்கத் தொடைகளுக்கு நடுவே என்ன வைக்க வேண்டும் என்று காட்டித் தந்தார். வீட்டில் செய்கிற பயிற்சியைக் குளிப்பாட்டும்போதும் உடுப்பு மாற்றும்போதும் சேர்த்துச் செய்யச் சொன்னார். தனியாக நேரம் ஒதுக்கச் சொன்னால் எந்தத் தாயாலும் முடியாது.

ஜூலை 22, செவ்வாய்

வீட்டு மூலையில் ஒரு சக்கர நாற்காலி நிற்கிறது. ஏதோ ஒரு நிகழ்வில் மாலை போட்டு, படம் எடுத்துக் கொடுத்தது. பெரிய ஆளுக்கான அளவு. பிள்ளையை இருத்தினால் ஒரு பக்கம் சரிந்து, அப்படியே வழுக்கி இறங்குகிறாள். நாள்பட்டால் முள்ளந்தண்டு வளைந்துவிடும். இப்போது அதில் நெல் மூடைதான் இருக்கிறது. அளவெடுக்காமல் சக்கர நாற்காலி கொடுப்பதை நிறுத்த வேண்டும். கண்ணாடியை யாராவது அளவு பார்க்காமல் கொடுக்கிறார்களா?

ஊரில் தச்சு வேலை செய்கிற ஒரு அண்ணனிடம் மூலைக்கதிரை செய்யக் கேட்டேன். இரண்டு பலகை செங்கோணமாகச் சேர்ந்து முதுகையும் தோளையும் தாங்கும், தொடைக்கு நடுவே ஒரு கட்டை, காலுக்குப் பலகை, முன்னால் மேசை. அளவுகளைச் சிகிச்சையாளரிடம் எழுதி வாங்கினேன். தச்சு அண்ணன் தானும் வந்து பிள்ளையை இருத்தி, முழங்காலிலிருந்து குதிக்கால் வரை ஈர்க்கால் அளந்துகொண்டு போனார். பலகைக்கு மட்டும் காசு போதும் என்கிறார்.

ஜூலை 25, வெள்ளி

குடும்பநல மாது (ஊர் மருத்துவமாது), சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், கிராம சேவகர், நான், நாலு பேரும் ஒரே மேசையில் இருந்தோம். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைத் திறந்தால், கழுத்து நிற்கவில்லை என்பது ஐந்தாம் மாதத்திலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தகவல் எங்கள் பக்கம் வந்தது பிள்ளைக்கு நாலு வயதாகும்போது, அதுவும் தாயே தேடி வந்ததால். கிளினிக்கில் சந்தேகம் வந்த மாதமே எங்களுக்கும் ஒரு துண்டு வரட்டும் என்று கேட்டேன். மாது உடனே ஒத்துக்கொண்டா. இனி மாத முடிவில் இருவரும் பட்டியலை ஒப்பிடப்போகிறோம். மேலிடத்து அனுமதி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கதிரை வந்துவிட்டது. பிள்ளை மாமரத்தடியில் நிமிர்ந்து இருந்தபடி கஞ்சி குடித்தாள். தாய்க்கு இரண்டு கையும் ஓய்வாக இருப்பதே புதுமை. என்ன செய்வதென்று தெரியாமல் தலைமயிரை முடிந்து முடிந்து அவிழ்த்தா.

கொடுப்பனவு விண்ணப்பம் அந்தத் தனித் தாளோடு போயிருக்கிறது. அடுத்தது பாடசாலை. 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது இந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். விசேட கல்வி அலகு உள்ள பள்ளிக்கூடம் தூரம், வீட்டுக்கு அருகில் உள்ளதில் வாசற்படி மூன்று. சாய்தளம் போட்டுக் கொடுத்தால் வகுப்பில் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறா. பேச்சுச் சிகிச்சைக்கு மட்டக்களப்புக்கு நாள் எடுக்க வேண்டும், படங்கள் ஒட்டிய தெரிவு அட்டை ஒன்றைப் பிள்ளையின் அண்ணனையே வைத்துச் செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை அதிபரைச் சந்திக்கிறேன். தச்சு அண்ணன் படிகளை அளக்கக் கூட வருகிறார்.