குண்டுப் பாறைகளின் கீழ் ஓர் ஊர்

போர்ச்சுகலின் கிழக்கு ஓரத்தில், ஸ்பெயின் எல்லைக்கு மிக அருகே, மொன்சாந்தோ என்றொரு மலையூர் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் பலருக்கும் விதை நிறுவனம்தான் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. அந்த அமெரிக்க நிறுவனத்தை 1901-இல் தொடங்கியவர் தம் மனைவியின் குடும்பப் பெயரை அதற்குச் சூட்டினார். ஊரின் பெயரோ அதைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. 'புனித மலை' என்பது அதன் பொருள்.

அக்கா லிஸ்பனில் வேலை பார்க்கிறாள். அக்டோபரில் அவளுக்குக் கிடைத்த நான்கு நாள் விடுப்பில் இரண்டு நாளை இந்த ஊருக்கென்று ஒதுக்கினோம். லிஸ்பனிலிருந்து காஸ்தெலோ பிராங்கோ வரை ரயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். பாதிக்கு மேற்பட்ட தொலைவுக்குத் தேஜோ ஆறு ஜன்னலோரமாகவே கூட வருகிறது. அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவுதான் என்றாலும் பேருந்துகள் குறைவு என்பதால் வாடகைக் கார் எடுத்துக்கொண்டோம். சமவெளி, ஆலிவ் தோப்புகள், கருவாலி மரங்கள், மின்கம்பத்தின் மேல் காலியாகக் கிடந்த நாரைக்கூடுகள். பிறகு எதிரே, நிலத்திலிருந்து திடீரென்று முளைத்ததைப் போல, ஒற்றை மலை. அதன் சரிவில் ஊர் இருக்கிறது என்று அக்கா கைகாட்டிய பிறகும் எனக்கு வெகுநேரம் பாறை மட்டுமே தெரிந்தது. கிட்டே போன பிறகுதான், சாம்பல் நிறத்துக்கு நடுவே செந்நிறமாகத் தெரிந்தவை ஓட்டுக் கூரைகள் என்பது புரிந்தது.

இந்த மலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் பார்க்கும் ஒவ்வொன்றும் அதிலிருந்தே தொடங்குகிறது. ஏறத்தாழ 31 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பாக இருந்து மெல்ல மெல்ல ஆறி இறுகிய கருங்கல் இது. மெல்ல ஆறியதால் இதன் படிகங்கள் பெரியவை; வீட்டுச் சுவரில் கன்னத்தை ஒட்டிப் பார்த்தால், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஃபெல்ட்ஸ்பார் என்னும் வெளிர் நிறக் கனிமக் கட்டிகளும், அவற்றுக்கு இடையே காக்காப்பொன்னின் மினுக்கமும் தெளிவாகத் தெரியும். இந்தக் கருங்கல் மண்ணுக்கு அடியில் இருந்தபோதே அதில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல்கள் விழுந்தன. விரிசல்களின் வழியே இறங்கிய நீர் கல்லின் முனைகளையும் விளிம்புகளையும் முதலில் தின்றது. சதுரமாகப் பிளந்த கட்டிகள் நாளடைவில் உருண்டையாகி, சுற்றிலும் இருந்த இளகிய மண்ணை மழை அடித்துச் சென்ற பின், ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்துவிட்டன. யாரோ அடுக்கி வைத்தாற்போலத் தோன்றினாலும், இவற்றைச் செதுக்கியது முழுக்க முழுக்கத் தண்ணீர்தான்.

மக்கள் இங்கே வீடு கட்ட வந்தபோது, இந்தக் குண்டுகளை அகற்ற வழியில்லை என்பதால் அவற்றையே வீட்டின் பகுதியாக்கிக்கொண்டார்கள். இரண்டு பாறைகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால், முன்புறம் ஒரு சுவரை எழுப்பிக் கதவு வைத்தால் போதும், அறை தயார். ஒரு பக்கம் மட்டும் பாறை என்றால் மூன்று சுவர்கள். ஊருக்குள் 'ஒற்றை ஓட்டு வீடு' என்று போர்ச்சுகீசில் அழைக்கப்படும் ஒரு கட்டடம் இருக்கிறது. அந்த ஒற்றை ஓடு எதுவென்று தேடித் தலையை உயர்த்தினால், வீடு முழுவதையும் மூடியபடி ஒரு பெரும் பாறை படுத்திருக்கிறது. பயணிகள் அதன் கீழே நின்று இரு கைகளாலும் பாறையைத் தாங்குவதுபோலப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுத்துக்கொண்டேன், மறுக்கவில்லை. ஆனால் ஊரை இரண்டாம் முறை சுற்றியபோது வேறொன்று உறைத்தது. நாம் வியந்து பார்க்கும் இந்த அமைப்பு முழுவதும் சிக்கனத்திலிருந்து பிறந்தது. ஒரு சுவர் மிச்சமானால் அத்தனை கல்லை வெட்ட வேண்டாம், சுமக்க வேண்டாம். கூரை மிச்சமானால் மரம் வாங்க வேண்டாம். கையில் காசு இல்லாதவன் பாறையோடு சமாதானம் செய்துகொண்டான், அவ்வளவுதான்.

நாங்கள் தங்கிய வீடும் அப்படிப்பட்டதே. வீட்டுக்கார மூதாட்டி சாவியை நீட்டி "ஷாவ்" என்றார். ஜன்னலைச் சாத்தாமல் படுக்க வேண்டாம் என்று எச்சரித்தபோது "ஜனேலா" என்றார். அக்கா மொழிபெயர்க்க வாயெடுத்தாள், நான் கையமர்த்தினேன். சாவியும் ஜன்னலும், அறையில் கிடந்த மேசையும், சுவரோர அலமாரியும் கடல் கடந்து நம் வீட்டுக்கு வந்தவை என்பதைப் படித்திருக்கிறேன். ஆனால் அவற்றை அவை பிறந்த நாட்டின் மலையூரில், அந்த மொழிக்காரர் வாயிலிருந்தே கேட்பது தனி மகிழ்ச்சி.

படுக்கைக்குத் தலைமாட்டில் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் பாறை துருத்திக்கொண்டிருந்தது. மூதாட்டி அதையும் நாற்காலியைத் துடைப்பதுபோல ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தார். மழை பெய்தால் பாறைக்கும் சுவருக்கும் இடையே நீர் இறங்காதா என்று கேட்டேன். அவர் என்னை வெளியே அழைத்துச் சென்று மேலே காட்டினார். கூரைக்கு ஒரு முழம் மேலே, பாறையின் வயிற்றில், விரல் ஆழத்துக்கு ஒரு காடி வெட்டப்பட்டு, சாய்வாகப் பக்கத்துச் சந்து வரை ஓடியது. மேலிருந்து வழியும் நீர் அந்தக் காடியில் விழுந்து திசைமாறிச் சந்துக்குப் போய்விடும். யார் வெட்டியது என்றதற்கு, தம் மாமனாருக்கும் அது தெரியாது என்றார். உளி பட்ட தடங்கள் மேல் கற்பாசி மஞ்சளாகப் படர்ந்திருந்தது.

ஊர் நடுவே லுகானோ கோபுரம் என்னும் மணிக்கூண்டு. அதன் உச்சியில் ஒரு சேவல் நிற்கிறது. வெள்ளிச் சேவலின் நகல். 1938-இல், சர்வாதிகாரி சலசாரின் ஆட்சிக்காலத்தில், அரசின் பிரச்சாரச் செயலகம் நாட்டின் 'மிகப் போர்ச்சுகீசிய ஊர்' எது என்று ஒரு போட்டி நடத்தியது. மொன்சாந்தோ வென்றது, பரிசு வெள்ளிச் சேவல். ஊர்க்காரர்கள் இதை இன்றும் பெருமையாகவே சொல்கிறார்கள், பயணிகளும் அதனால்தான் வருகிறார்கள். எனக்கு அந்தப் பட்டம் சற்று உறுத்தியது. லிஸ்பனில் இருந்தவர்கள் வறுமையைப் பார்த்து அழகு என்றார்கள், மாறாமல் இரு என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அடுத்த கால் நூற்றாண்டில், நாட்டின் உட்பகுதி ஊர்களில் எல்லாம் நடந்ததுபோலவே, இங்கிருந்தும் இளைஞர்கள் பிரான்சுக்கும் லிஸ்பனுக்கும் கிளம்பிவிட்டார்கள். நாங்கள் போன அன்று மேல் தெருவில் எண்ணியதில் திறந்திருந்த கதவுகளைவிடப் பூட்டியிருந்தவை அதிகம். பூட்டிய வீட்டு வாசலிலும் யாரோ ஆலிவ் எண்ணெய் டின்னில் செடி வளர்த்துத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்.

மறுநாள் காலை கோட்டைக்கு ஏறினோம். ஏறினோம் என்பதைவிட, ஏறத் தொடங்கினோம் என்பதே சரி. அடிப்பாகம் தேய்ந்த நகரத்துக் காலணியை அணிந்து வந்தது என் தவறு; இரவுப் பனியில் நனைந்த கருங்கற்படி கண்ணாடிபோல வழுக்கியது. ஊரின் மேல் விளிம்பில், பாறைகளை ஒட்டி வட்டமாகக் கட்டிய பழைய பன்றிக் கொட்டில்களைத் தாண்டுவதற்குள் இருமுறை உட்கார்ந்துவிட்டேன். அக்காவுக்கு முழங்கால் வலி வேறு. "நீ போய்ப் பார்த்துட்டு வா, நான் இங்கேயே வெயில் காயறேன். பார்த்துக் கால் வை," என்று ஒரு கொட்டில் சுவரில் அமர்ந்துகொண்டாள்.

மலையுச்சி கடல் மட்டத்திலிருந்து 758 மீட்டர் உயரம். 1165-இல் போர்ச்சுகலின் முதல் அரசர் அஃபோன்சு என்ரிக்கஸ் இந்த இடத்தைக் கோவில் வீரர்கள் எனப்படும் டெம்ப்ளர் துறவுப்படையினருக்கு அளித்தார். அவர்களின் தலைவர் குவால்திம் பாயிஸ் இங்கே கோட்டை எழுப்பினார். பிற்கால அரசர்கள் திருத்தியும் சேர்த்தும் கட்டினார்கள். சுவரை ஒட்டி நடந்தபோது, கீழே வீடுகளில் பார்த்த அதே கணக்கு இங்கும் இருப்பதைக் கண்டேன். கோட்டைச் சுவர் ஒரு பாறையிலிருந்து புறப்பட்டு அடுத்த பாறையைத் தொட்டவுடன் நின்றுவிடுகிறது. பாறை முடியும் இடத்தில் மீண்டும் தொடங்குகிறது. ஏழைக் குடியானவனும் அரசனின் கொத்தனும் ஒரே வழியைத்தான் பின்பற்றியிருக்கிறார்கள். ஒரு பாறையின் ஓரத்தில் வரிசையாக உள்ளங்கை அகலக் குழிகள் இருந்தன. ஆப்பு அடித்துக் கல்லைப் பிளப்பதற்காக வெட்டியவை. ஏனோ பிளக்காமல் அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள்.

உள்ளே பெரிதாக எதுவும் மிச்சமில்லை. ஒரு சிற்றாலயம், வளைவுகளோடு கூடிய நீர்த்தொட்டி, எங்கும் ஏறாத சில படிகள். இந்தக் கோட்டை இப்படிச் சிதைந்ததற்கு எதிரியின் பீரங்கி காரணமில்லை. 19-ஆம் நூற்றாண்டில் உள்ளே சேர்த்து வைத்திருந்த வெடிமருந்து வெடித்து, கோட்டையின் பெரும்பகுதியைத் தகர்த்துவிட்டது. காக்க வைத்திருந்த பொருளே கோட்டையை முடித்தது. சரிந்து கிடந்த சுவர்க் கற்களுக்கு நடுவே உருண்டைப் பாறைகள் மட்டும் அசையாமல் இருந்த இடத்திலேயே இருந்தன. கிழக்கே ஸ்பெயினின் சமவெளி, தெற்கே இதான்யா அணையின் நீர்ப்பரப்பு, வடமேற்கே தொலைவில் எஸ்த்ரேலா மலைத்தொடரின் நீல விளிம்பு. எல்லைக்காவலுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இருந்திருக்க முடியாது.

இறங்கும் வழியில், கோட்டைக்கு வெளியே, புனித மிகேல் ஆலயம். 12-ஆம் நூற்றாண்டுப் பாணியில் அமைந்த இதற்கு இப்போது கூரை இல்லை. வாசலுக்கு வெளியே பாறையிலேயே குடைந்த கல்லறைகள். தலைக்கு ஒரு வட்டம், தோளுக்கு அகலம், காலுக்குக் குறுகல் என்று உடம்பின் வடிவத்துக்கே வெட்டியிருந்தார்கள். அவற்றில் ஒன்று மிகச் சிறியது. மழைநீர் தேங்கி, அதில் வானம் தெரிந்தது. கோட்டையில் ஒரு மணி நேரம் கழித்த நான் இந்த ஒரு குழியருகே அதற்குச் சற்றும் குறையாமல் நின்றிருப்பேன்.

அக்கா அதற்குள் அடுத்த வீட்டு மூதாட்டி ஒருவரோடு பேச்சில் ஆழ்ந்திருந்தாள். அவர் பொம்மைகளை விற்பவர். முற்றுகைக் கதையை அவர்தான் சொன்னார். எதிரிகள் மலையை ஏழு ஆண்டுகள் சூழ்ந்துகொண்டார்களாம். ரோமானியர் என்பார் உண்டு, வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இப்பகுதியை ஆண்ட முஸ்லிம்களான மூர்கள் என்பாரும் உண்டு. உள்ளே மிஞ்சியது ஒரு கன்றும் கொஞ்சம் கோதுமையும். இருந்த கோதுமை முழுவதையும் கன்றுக்குத் தின்னக் கொடுத்து, அதை மதிலிலிருந்து கீழே எறிந்தார்கள். வயிறு கிழிந்து கோதுமை சிதறியதைக் கண்ட எதிரிகள், இவர்களிடம் இன்னும் இவ்வளவு தானியமா என்று சலித்துத் திரும்பிப் போனார்கள். பிரான்சின் கார்கசோன் கோட்டையில் இதே கதையைப் பன்றியை வைத்துச் சொல்வார்கள்; எனவே வரலாறாக இதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஆண்டுதோறும் மே 3-ஐ ஒட்டி, சிலுவைத் திருவிழாவன்று, ஊர்ப் பெண்கள் பாடிக்கொண்டே கோட்டைக்கு ஏறி, கன்றுக்குப் பதிலாகப் பூ நிரப்பிய வெள்ளைப் பானைகளை மதிலிலிருந்து எறிகிறார்கள் என்பது உண்மை. பாட்டுக்குத் துணையாக அவர்கள் தட்டும் சதுரத் தோல்கருவிக்கு அதூஃபெ என்று பெயர். அரபு மொழியின் 'தஃப்' என்னும் சொல்லிலிருந்து வந்தது. மூர்களை விரட்டியதாகச் சொல்லும் கதைக்கு மூர்களின் வாத்தியம்!

அவர் விற்ற பொம்மைக்கு மராஃபோனா என்று பெயர். இரண்டு குச்சிகளைச் சிலுவையாகக் கட்டி, வண்ணத் துணி சுற்றியது. முகத்தில் கண் இல்லை, வாய் இல்லை, காது இல்லை. புதுமணத் தம்பதியின் கட்டிலுக்கு அடியில் வைப்பதற்கானது; பார்க்காது, கேட்காது, வெளியே சொல்லவும் செய்யாது. குழந்தைப்பேறு தரும், இடி மின்னலிலிருந்தும் காக்கும் என்றும் நம்புகிறார்கள். "முதல் வேலைக்கு நமக்கு வயசு தாண்டிடுச்சு. இரண்டாவதுக்கு வேணா வாங்கிக்கோ," என்றாள் அக்கா.

அன்று இரவு மழை பிடித்துக்கொண்டது. ஸ்பெயின் பக்கமிருந்து மின்னல், ஒவ்வொரு வெட்டுக்கும் தலைமாட்டுப் பாறை வெளிறித் தெரிந்தது. மின்சாரமும் போயிற்று. நான் பையைத் துழாவிப் பொம்மையை எடுத்து ஜன்னல் விளிம்பில் நிறுத்தினேன்; அக்கா சிரித்தாள், ஆனால் நகர்த்தச் சொல்லவில்லை. பாறைக்கும் சுவருக்கும் இடையே கையை வைத்துப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. வெளியே, காடி வழியாகத் திரும்பிய நீர் சந்துக் கற்களில் கொட்டும் ஓசை விடியும் வரை கேட்டுக்கொண்டே இருந்தது.