கர்ப்பகால யோகா: பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்

‘கர்ப்பிணிகளும் சேரலாம்’ என்று விளம்பரத்தில் ஒரு வரி இருந்துவிட்டால் அது கர்ப்பிணிகளுக்கான வகுப்பு ஆகிவிடாது. 22 வாரக் கர்ப்பத்தோடு பங்சாரில் ஒரு யோகா நிலையத்திற்குப் போய் வந்த கோபம் இன்னும் அடங்காததால், கோலாலம்பூரில் இப்படியொரு வகுப்பைத் தேடும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன்.

பதிவு செய்வதும் பணம் கட்டுவதும் கைப்பேசியிலேயே முடிந்தன. நேரில் போனபோதுதான், மருத்துவரின் கடிதம் இல்லாமல் உள்ளே விட முடியாது என்று முகப்பில் இருந்த பெண் கையை விரித்தார். அவர்கள் அனுப்பிய செய்தியில் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பதைக் காட்டினேன். பரிசோதனை விவரம் முழுவதும் உள்ள பிங்க் புத்தகத்தையும் நீட்டினேன். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கட்டிய பணமும் திரும்பாதாம். அந்த இரண்டு வரிக் கடிதத்திற்காக விடுப்பு எடுத்துக் கிளினிக்கில் காத்துக் கிடந்தேன். வழக்கமான பரிசோதனை நாளிலேயே கேட்டு வாங்கிக்கொண்டால் உங்களுக்கு இந்த அலைச்சல் இருக்காது.

இத்தனை கெடுபிடிக்குப் பிறகு நடந்த வகுப்பில், எனக்கு எத்தனை வாரம் என்று ஆசிரியர் கேட்கவே இல்லை. வயிற்றை உள்ளிழுத்து வேகவேகமாக மூச்சை வெளித்தள்ளும் கபாலபாதியை எல்லாரோடும் சேர்ந்து செய்யச் சொன்னார். கர்ப்பத்தில் அது வேண்டாமென்று நான் இயல்பாகவே மூச்சுவிட்டுக்கொண்டிருந்தேன். இறுதியில் சவாசனத்திற்காக மல்லாந்து படுத்த சிறிது நேரத்தில் நெற்றி வியர்த்து, தலை சுற்றி, குமட்டிக்கொண்டு வந்தது. இடப்பக்கம் திரும்பிய என்னை, “அசையாம படுங்க மேடம்” என்றார் அவர். கர்ப்பத்தின் பிற்பாதியில் மல்லாந்து படுத்தால், கருப்பையின் பாரம் இதயத்திற்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருஞ்சிரையை அழுத்தும் என்பது கர்ப்பிணிகளுக்குக் கற்பிப்பவர் அறிந்திருக்க வேண்டிய பாலபாடம். நான் எழுந்து வந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான், பிரிக்பீல்ட்ஸில் கர்ப்பிணிகளுக்கு மட்டுமே நடக்கும் ஒரு வகுப்பு தெரியவந்தது. அங்கே ஆசிரியை முதல் நாளே தொலைபேசியில் அழைத்து, நஞ்சுக்கொடி கீழிறங்கி இருக்கிறதா, இரத்தப்போக்கு உண்டா, இரத்த அழுத்தம் எப்படி என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அந்த அக்கறையிலேயே என் பாதிப் பயம் போய்விட்டது. உள்ளங்கால்களைச் சேர்த்து முழங்கால்களை விரித்து உட்காரும் பத்த கோணாசனத்தில் என் முழங்காலை ஒருபோதும் அழுத்தவில்லை. “தரையைத் தொடணும்னு இல்லம்மா, இழுக்கிற மாதிரி இருந்தா அங்கேயே நிறுத்துங்க” என்றார். கர்ப்பகாலத்தில் சுரக்கும் ரிலாக்சின் என்ற ஹார்மோன் மூட்டுகளைத் தளர்த்துவதால், உடல் வளைகிறதே என்று எல்லைவரை வளைக்கக் கூடாதாம். ஓய்வின்போது இடப்பக்கம் படுக்க வைத்து, முழங்கால்களுக்கு நடுவே நீள்தலையணை ஒன்றை வைத்தார். பல நாளாக வாட்டிய இடுப்புவலி அன்றிரவு என்னைத் தூங்கவிட்டது.

எந்த நிலையமாக இருந்தாலும், மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாமல் முதலில் ஒரு வகுப்புக்கு மட்டும் கட்டிப் பாருங்கள். கடிதம் வேண்டுமா, கடைசி ஓய்வை எப்படிச் செய்விப்பார்கள் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வகுப்பின் நடுவே இரத்தக்கசிவு, நீர்க்கசிவு, விட்டுவிட்டு வயிறு இறுகுதல் என எது தெரிந்தாலும் ஆசிரியரின் அனுமதிக்குக் காத்திராமல் நிறுத்திவிட்டு நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.