பத்தாம் படி

திரையில் −1 முதல் 1 வரை சம இடைவெளியில் 11 புள்ளிகள். நடுவில் 1 வரை எழுந்து, இருபுறமும் சரியும் வளைவு.

பத்தாம் படிப் பல்லுறுப்புக்கோவையை, அதாவது x-இன் பத்தாம் அடுக்கு வரை போகும் கோவையை, அவற்றுக்குப் பொருத்திப் பார்த்தேன். ஒரு புள்ளி விடாமல் தொட்டது. ஆனால் ஓரத்தில், 0.04 இருக்க வேண்டிய இடத்தில், கோடு கிட்டத்தட்ட 2 வரை எகிறியது!

இதை ஜெர்மானியக் கணிதவியலாளர் கார்ல் ருங்கே 1901-லேயே காட்டிவிட்டார். இந்த வளைவில் சம இடைவெளிப் புள்ளிகளையும் படியையும் கூட்டக் கூட்ட, ஓரத்து ஆட்டம் பெருகத்தான் செய்யும். புள்ளிகளை ஓரங்களில் நெருக்கி வைத்தால் அடங்கும்.

சரி, எல்லாப் புள்ளிகளையும் தொட்டுவிட்டால் வளைவைப் புரிந்துகொண்டதாக ஆகுமா? ஆகாது என்றே நினைக்கிறேன். நடுவிலிருந்து விலக விலக அது எப்படித் தேய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அப்புறம் உயரத்தின் தலைகீழியை (1/உயரம்), நடுவிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்துக்கு எதிரே வரைந்தேன். அச்சு அசல் நேர்கோடு. சாய்வு 25, வெட்டுத்துண்டு 1. வளைவின் சார்பு கிடைத்துவிட்டது: 1/(1 + 25x²).