இரண்டு அங்குல எர்த் வயரும் இரண்டு மாத மிஸ்ஃபயரும்

பழைய நான்கு சிலிண்டர் காரின் இக்னிஷன் வயரிங்கை முழுவதும் புதிதாக இழுத்து முடித்த நாள்முதல் இரண்டு மாதமாக என்னை அலைக்கழித்த மிஸ்ஃபயர் (தீப்பொறி தவறி இன்ஜின் இடறுவது), ஒருவழியாக நேற்று நின்றது. ஐடிலிங்கில் இன்ஜின் சீராக ஓடும். ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தாலும் திணறாமல் இழுக்கும். லேசாக மிதித்தபடி ஒரே வேகத்தில் போகும்போது மட்டும் விட்டுவிட்டு இடறும். காயில் (தீப்பொறிக்கான உயர் வோல்ட்டைத் தருவது), கண்டென்சர், பிளக், பிளக் வயர் என்று ஒவ்வொன்றாக மாற்றினேன். ஒரு பாவமும் அறியாத கார்புரேட்டரையும் இருமுறை கழற்றிப் பூட்டினேன்.

எப்போது இடறுகிறது என்பதை முதலிலேயே யோசித்திருந்தால் இத்தனை செலவு வந்திருக்காது. என் வண்டியில் ஐடிலிங்கிலும் முழு மிதியிலும் வாக்குவம் அட்வான்ஸுக்கு (இன்ஜினின் உறிஞ்சலைக் கொண்டு தீப்பொறியைச் சற்று முன்கூட்டியே விழவைக்கும் அமைப்பு) வேலையில்லை. லேசான மிதியில்தான் அதன் டயாபிரம் (உறிஞ்சலில் அசையும் சவ்வு), பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்) அமர்ந்திருக்கும் தட்டை இழுத்துத் திருப்புகிறது. ஆகவே, தட்டு திரும்பும்போது எர்த் (மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை) விட்டுப்போகிறது என்ற சந்தேகம் வந்தது.

பாயிண்ட் மூடிய நிலையில் இன்ஜினை நிறுத்தி, இக்னிஷனைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலேயே வைத்துக்கொண்டு மறுமுனையைப் படிப்படியாக நகர்த்தினேன். காயில் சூடேறிவிடும் என்பதால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை சாவியைத் திருப்பி அணைக்க வேண்டியிருந்தது. இன்ஜின் பிளாக்கில் 0.03 வோல்ட், டிஸ்ட்ரிபியூட்டர் உடலில் 0.05 வோல்ட், தட்டில் மட்டும் 0.6 வோல்ட். 3 ஓம் காயில் வழியாக ஏறக்குறைய 4 ஆம்பியர் ஓடும் இடத்தில் 0.2 வோல்ட்டுக்கு மேல் விழுந்தாலே எனக்குத் திருப்தி வராது. வாக்குவம் குழாயை வாயில் வைத்து உறிஞ்சியதும் தட்டு திரும்பியது. மீட்டர் 2 வோல்ட்டைத் தாண்டித் துள்ளியது.

தட்டையும் உடலையும் இணைக்கும் அந்தச் சிறு எர்த் வயர் வெளிப்பார்வைக்குப் புத்தம் புதிதாக இருந்தது. உறையைக் கீறிப் பார்த்தபோது, லக்கை (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) ஒட்டி நாலைந்து இழைகளே மிஞ்சியிருந்தன. வெட்கத்தோடு சொல்கிறேன், அதைச் செய்து போட்டவன் நானேதான். லக்கை வயர்மேல் அழுத்தி நெரித்து கிரிம்ப் செய்த பிறகு உறுதிக்காக சால்டரும் வைத்தேன். அந்த ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரைக் கம்பிபோல் விறைக்க வைத்துவிட, தட்டு அசையும்போதெல்லாம் ஈயம் முடியும் இடத்திலேயே மடிந்து மடிந்து இழைகள் அறுந்திருக்கின்றன.

இம்முறை மெல்லிய இழைகள் கொண்ட சிலிக்கான் உறை வயரை எடுத்து, கிரிம்ப் மட்டும் செய்து, லக்கின் பின்காதுகள் உறையையும் பிடிக்கும்படி அழுத்தினேன். அளவுதான் படுத்திவிட்டது. முதலில் வெட்டியது நீளமாகிப்போய், பாயிண்ட்டைத் திறக்கும் கேமில் உரசியது. அடுத்தது குட்டையாகி, தட்டு கடைசிவரை திரும்பும்போது விறைத்தது. மூன்றாவதைப் பக்கவாட்டில் ஒரு வளைவு விட்டுப் பூட்டிய பிறகே தட்டு தங்குதடையின்றித் திரும்பியது. லக் அமரும் இடத்தை வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்து ஸ்டார் வாஷரும் போட்டேன். இப்போது தட்டில் 0.07 வோல்ட், எவ்வளவு உறிஞ்சினாலும் மாறவில்லை.

இடையில் கண்டென்சர் விற்பவர்களைப் பற்றி ஒரு புலம்பல்: புதிதாக வாங்கிய மூன்றில் ஒன்றின் வயர் கையோடு கழன்று வந்தது. வண்டியோடு வந்த பழையதை அளந்தால் இன்னும் 0.22 மைக்ரோஃபாரட் காட்டுகிறது. அதையே திரும்பப் போட்டுவிட்டேன்.

பேட்டரியில் 12.5 வோல்ட் இருக்கும்போது காயிலின் பாசிட்டிவில் 11.3 வோல்ட்தான் வருகிறது. பழைய இக்னிஷன் சுவிட்சே தின்கிறது போலும். அதற்கு ஒரு ரிலே போடுவதற்கான இடத்தையும் பார்த்து வைத்துவிட்டேன். ஆனால் பாயிண்ட் இடைவெளியை 0.38 மில்லிமீட்டருக்கு வைத்ததோடு சரி. டுவெல்லும் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) அளக்கவில்லை, தீப்பொறி விழும் நேரத்தைச் சரிபார்க்கும் டைமிங் லைட்டும் இன்னும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.